கூமுட்டை என்று சொல்லுமுன்

தோட்டப்புறங்களில் கோழி வளர்க்கும் வீடுகள் பல. ஆதலால் முட்டையைப் பற்றிய அறிவு நம்மவர்க்குப் பரம்பரைச் சொத்துப் போன்றது. அடைவைத்த ஐந்தாறு நாட்களில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, செந்நரம்பு ஓடியிருந்தால் கரு கூடிற்று என்றும், வெறுமையாய் இருந்தால் கூமுட்டை என்றும் பாட்டிமார் தீர்ப்புக் கூறிவிடுவர். 21ஆம் நாளில் அத்தீர்ப்புப் பெரும்பாலும் பலித்தும்விடும். ஆனால் இதே அறிவைக் கொண்டு பச்சோந்தியின் முட்டையைச் சோதித்தால், உயிருள்ளதையே குப்பையில் எறிய நேரும். அது ஏன் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளல் நன்று. பூனாகலைத் தேயிலை மலைகளில் நிறம் மாறும் ஓணானைக் கண்டு, “பச்சோந்தி!” என்று பிள்ளைகள் கூவுவதுண்டு. அது ஓணான் இனமே. உண்மைப் பச்சோந்திக்குத் தனித்தனியே சுழலும் கண்கள், கொப்பைப் பற்றிக்கொள்ளும் வால், குறடு போல இரு பிரிவாய் அமைந்த பாதம், உடலினும் நீண்டு பாயும் நாக்கு ஆகியவை உண்டு. இலங்கையில் உள்ளது ஒரே இனம். 1768ஆம் ஆண்டில் லாரென்டி என்னும் அறிஞர் இலங்கையின் பெயரையே சேர்த்து அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். எனினும் அது மலைநாட்டில் வாழ்வதில்லை; புத்தளம், மன்னார் முதலிய பகுதிகளின் வறண்ட காடுகளே அதன் இருப்பிடம். மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக மலையேறிய நம் முன்னோர் அதன் நாட்டைக் கடந்தே வந்தனர்.

முட்டையிடும் காலத்தில் பெண் பச்சோந்தி மரத்தைவிட்டு இறங்கி, மண்ணில் குழி தோண்டி, பத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பது தாயன்று, மண்ணின் வெப்பமும் ஈரமுமே. மேனாடுகளில் யேமன் நாட்டுப் பச்சோந்தியை வளர்ப்போர் அதன் முட்டைகளை நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர். அவை பொரிக்க ஏறக்குறைய 6 முதல் 9 மாதங்கள் ஆகும். மடகாஸ்கர்த் தீவில் வாழும் ஓர் இனமோ எட்டொன்பது மாதங்களை முட்டைக்குள் கழித்துவிட்டு, வெளியுலகில் நான்கைந்து மாதங்களே வாழ்ந்து மடிகிறது!

இனி, முட்டையின் நலத்தை அறியும் வகையைக் காண்போம். நல்ல முட்டை வெண்மையாயும் திரட்சியாயும் இருக்கும். கோழி முட்டையின் ஓடு சுண்ணாம்பால் ஆகிய கடினமான ஓடு. இதன் ஓடோ தோல் போன்று நெகிழ்வது. மண்ணின் ஈரத்தை அதன் வழியே உறிஞ்சி முட்டை மெல்ல மெல்லப் பருக்கும். ஆகவே, வாரந்தோறும் பருத்து வருவது நலத்தின் முதல் அடையாளம்.

ஓட்டில் சிறு குழி விழுந்தால் முட்டை செத்துவிட்டது என்று கொள்ளற்க. பெரும்பாலும் அது தாகத்தின் அடையாளம். முட்டையின்மேல் நீர் ஊற்றாமல், சுற்றியுள்ள மண்ணைச் சிறிது நனைத்தால் மீண்டும் திரளக் கூடும். கையால் பிடித்துப் பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமே போதுமானது. அதற்கு மேற்பட்டால் கரு மூச்சுத் திணறும்.

மஞ்சளித்து, மெழுகு போலாகி, நாளுக்கு நாள் சுருங்கி, துடைக்கத் துடைக்கப் பூஞ்சணம் படர்ந்து, நாற்றமும் எடுக்குமாயின் அது கெட்ட முட்டை. இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது. நாற்றமே உறுதியான சான்று.

விளக்கொளிச் சோதனையிலும் எச்சரிக்கை வேண்டும். பச்சோந்தி முட்டையிடும்போது கரு மிகத் தொடக்க நிலையிலேயே இருக்கும். பல இனங்களில் அது வாரக்கணக்காக, சிலவற்றில் மாதக்கணக்காக வளராமல் உறங்கிக் கிடக்கும். அக்காலத்தில் ஒளியில் பிடித்தாலும் நரம்பு தெரியாது. வெறுமை என்பது இங்கே இன்மைக்குச் சான்றன்று.

இன்னும் ஒரு வேறுபாடு. தாய்க்கோழி முட்டைகளை நாளும் புரட்டிவிடும். பச்சோந்தி, ஓணான் முட்டைகளைப் புரட்டலாகாது. கோழி முட்டையில் மஞ்சட்கருவைத் தாங்கிப் பிடிக்கும் வெண்முறுக்குகள் உண்டு, இவற்றில் இல்லை. கரு ஓட்டின் மேற்புறத்தை ஒட்டி வளர்வதால், புரட்டினால் அது சிதைந்துவிடக் கூடும். நீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் தவறே.

பொரிக்கும் நாள் நெருங்கும்போது ஓட்டின்மேல் வியர்வை போல் நீர்த்துளிகள் அரும்பும்; முட்டையும் சற்றுத் தளரும். இதைக் கேடென்று அஞ்ச வேண்டியதில்லை. குஞ்சு தன் முட்டைப்பல்லால் ஓட்டைக் கிழித்து, எஞ்சிய மஞ்சட்கருவை உறிஞ்சி முடிக்கும்வரை மணிக்கணக்காய் உள்ளேயே இருக்கும். இரங்கி ஓட்டை உரிப்பவன் உதவி செய்பவன் அல்லன்.

கான் வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ நம் பக்கத்தில் வெளிப்படும் தோல் போன்ற வெள்ளை முட்டைகள் பெரும்பாலும் ஓணானுடையவையே. அவை இரண்டு மூன்று மாதங்களில் பொரித்துவிடும். புழுபூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் பிராணி அது. அம்முட்டைகளைக் கண்டால் மண்ணை இட்டு மூடிவிடுவதே சிறந்தது. இடம் மாற்றியே தீர வேண்டுமாயின், மேற்புறத்தில் பென்சிலால் மெல்லப் புள்ளியிட்டு, அப்புறமே மேலிருக்குமாறு புதிய குழியில் வைத்து மூடுக.

மந்தமாய்ப் படிக்கும் மாணவனையும் நாம் ‘கூமுட்டை’ என்றே ஏசுகிறோம். முதல் தவணைத் தேர்விலே ஒளி தெரியவில்லை என்று தோட்டத்துப் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடும் பெற்றோரும், கடைசி வாங்கில் தள்ளிவிடும் ஆசிரியரும் இன்றும் உளர். எல்லா முட்டையும் 21 நாளில் பொரிப்பதில்லை. வேண்டிய ஈரத்தைக் கொடுத்து, அடிக்கடி புரட்டாமல், உரிய காலம்வரை காத்திருப்பதே நம் கடமை.