அரிசி டின்னும் இரும்புப் பெட்டியும்

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா நகைகளை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவார். "திருடன் சோறாக்கவா வரப்போறான்?" என்பார். போன மாதம்தான் ஒருவழியாகச் சம்மதித்தார். முதல் இரும்புப் பெட்டி வாங்க ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போனோம்.

எண் பூட்டின் பச்சை விளக்கில் நான் மயங்கி நின்றேன். அம்மாவோ பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "நானே தூக்குறேன், திருடன் தூக்க மாட்டானா?"

அதுதான் முதல் பாடம். சின்னப் பெட்டியைக் காங்கிரீட் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்காவிட்டால், நகையெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தது போலத்தான். போல்ட் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது தீ. காகிதம் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸில் பற்றிக்கொள்ளும். வெறும் இரும்புத் தகடு அந்தச் சூட்டைத் தடுக்காது. வீட்டு கிராண்ட், பிறப்புப் பத்திரம் வைப்பதென்றால், எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்ற சான்றைக் கேளுங்கள்.

பிறகு வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதை மறக்க முடியுமா? மாடி இருந்தால் பெட்டி மாடியில் இருக்கட்டும். பத்திரங்களை நீர் புகாத பையில் போட்டு வையுங்கள்.

பெட்டியோடு வந்த எண்ணை அன்றே மாற்றுங்கள். பிறந்த தேதி வேண்டாம். அவசரச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். எண், வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எங்கள் பெட்டிக்கு எண் வைத்தது அம்மாதான். எனக்கும் சொல்லியிருக்கிறார். அரிசி டின்னில் இப்போது அரிசி மட்டும்.