கவுனி அரிசிக்கு எதுக்கு "சுகர் ஃப்ரீ" போர்டு?

கறுப்புக் கவுனிக்கு "சுகர் ஃப்ரீ அரிசி"ன்னு போர்டு மாட்டுற கடைக்காரங்க மேல எனக்குக் கோபம். அதை நம்பி வாங்குற பட்டணத்து நண்பர்களே, உங்க மேலயும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

போன மாசம் சிந்தாதிரிப்பேட்டையில சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பதினஞ்சு வருஷமா சர்க்கரை நோய்க்காரர். தெருமுனைக் கடையில அந்தப் போர்டைப் பார்த்ததுல இருந்து மத்தியானம் ரெண்டு தட்டு கவுனிச் சோறு. "இதுல சர்க்கரையே கிடையாதுடா"ங்கிறார். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பார்த்தோம். 310. சித்தி ஒண்ணும் பேசல, மீட்டரை எடுத்து உள்ள வச்சாங்க.

2018-ல் வந்த உணவு விளம்பர விதிப்படி, 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லையென்றால் "சுகர் ஃப்ரீ" என்று போட்டுக்கொள்ளலாம். மாவுச்சத்து அந்தக் கணக்கிலேயே வராது. ஆனா அரிசியில முக்கால் பங்கு மாவுச்சத்துதான். வயித்துக்குள்ள போனா அத்தனையும் குளுக்கோஸ். கவுனி முழுத் தவிட்டோட இருந்தா கொஞ்சம் மெதுவா ஏறும், அவ்வளவுதான்.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, கவுனியோட கறுப்பே சர்க்கரையாலதான் நிக்குது. அந்த நிறத்துக்குக் காரணமான சாயத்துல முக்கியமானது சயனிடின்-3-குளுக்கோசைடு. ஃபிளாவனாய்டு குடும்பம். வெறும் சயனிடினை விட்டு வச்சா சீக்கிரம் சிதைஞ்சிடும். செடிக்குள்ள ஒரு மரபணு இருக்கு. அது உண்டாக்குற நொதி ஒரு குளுக்கோஸைக் கொண்டுவந்து சயனிடின் மேல ஒட்டும். அப்பதான் சாயம் நிலைக்கும், தண்ணியில கரையும், செல்லுக்குள்ள இருக்குற பைக்குப் போய்ச் சேரும். மக்காச்சோளத்தில் இதே வேலை பார்க்கும் மரபணுவுக்கு "பிரான்ஸ்" என்று பெயர். அது கெட்டுப்போனா ஊதா மணி வெண்கல நிறமாயிடும். பார்பரா மெக்ளின்டாக் அம்மையார் கண்டுபிடிச்ச தாவும் மரபணுத் துணுக்குகள் போய்ப் புகுந்து கெடுத்த மரபணுக்கள்ல இதுவும் ஒண்ணு. அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் 1983-ல் அவருக்கு நோபல்.

ஒட்டுன சர்க்கரை உடம்புக்கும் எதிரி கிடையாது. சாயத்துல இருக்குறது மில்லிகிராம் கணக்கு, அதால சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஏறாது. வெங்காயத்துல இருக்குற குவெர்செட்டினை வச்சு 1995-ல் நெதர்லாந்துல சோதிச்சுப் பார்த்தாங்க. சர்க்கரை ஒட்டாத வெறும் குவெர்செட்டினை விட, வெங்காயத்துல சர்க்கரை ஒட்டியே இருக்குறதைக் குடல் ரெண்டு மடங்குக்கு மேல உறிஞ்சுச்சு.

சரி, காசு கொடுத்து வாங்குன கறுப்பை என்ன பண்றீங்க? சித்தப்பா வீட்டுல நாலு தண்ணி கழுவி, ஊற வச்ச ஊதாத் தண்ணியையும் சிங்க்ல ஊத்துறாங்க. தண்ணியில கரையத்தானே செடி அதுல சர்க்கரையை ஒட்டி வச்சது! சின்னத் தறிகள் ஓடுனதால பேர் வாங்கின பேட்டைன்னு சொல்றாங்க. 1734-ல் கம்பெனிக்காரன் நெசவாளிகளைக் குடிவச்ச இடம். நூலுக்குச் சாயம் ஏத்தத் தெரிஞ்ச ஊர்ல இப்ப சாயம் சாக்கடைக்குப் போகுது. எங்கம்மா ஒரே ஒரு தண்ணி அலசி, ஊற வச்ச தண்ணியிலயே வேக வைப்பாங்க.

மில்லுல நடக்குறது இதைவிடக் கொடுமை. கறுப்பு இருக்குறது தவிட்டுலதான். "சோறு மெத்துன்னு இல்லை"ன்னு பட்டணத்துல கேக்குறாங்கன்னு ரெண்டு தடவை தீட்டுறான். கறுப்பு மாட்டுத் தொட்டிக்குப் போகுது, சாயம் போன அரிசி கறுப்புக் கவுனி விலைக்கு உங்க பைக்கு வருது. அஞ்சு மாசப் பயிர் ஐயா இது. ஆளுயரம் வளர்ந்து ஒரு காத்துக்குச் சாஞ்சா போச்சு, விளைச்சலும் கம்மி. இத்தனையும் பொறுத்து நாங்க விளைய வைக்கிறது அந்தத் தவிட்டுக்காகத்தான்.

செட்டிநாட்டுல கல்யாணத்துக்குக் கவுனரிசி பண்ணுவாங்க, வெல்லமோ சீனியோ போட்டு, தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்து. அதை யாரும் சர்க்கரைக்கு மருந்துன்னு பரிமாறல. விசேஷத்துக்கு ஒரு கரண்டி, அதோட சரி. அந்த ஒரு கரண்டியை ரெண்டு தட்டு ஆக்குனது அந்தப் போர்டு.

அடுத்த தடவை கடைக்குப் போனா "சுகர் இருக்கா"ன்னு கேக்காதீங்க. எத்தனை தடவை தீட்டுனது, எந்த ஊர் நெல்லுன்னு கேளுங்க. ஒரு பிடி எடுத்துத் தண்ணியில போட்டுப் பாருங்க. சித்தப்பாவுக்கு இந்தத் தடவை அரிசி நானே அனுப்பிட்டேன், கூடவே ஒரு சின்னக் கிண்ணமும். அளவு அதுதான்னு சித்திக்குச் சொல்லியாச்சு.