முதியோர் இல்லத்துச் சமையலறையை யார் பார்ப்பது?

கடையில் சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். அதனால் கடைகளைவிட இந்தச் சமையலறைகளுக்கே கூடுதல் கண்காணிப்பு தேவை.

1984 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் நகரிலுள்ள ஸ்டான்லி ராய்ட் வைத்தியசாலையில், குளிரூட்டாமல் வைத்திருந்த சமைத்த மாட்டிறைச்சியால் சால்மொனெல்லா கிருமி பரவியது. 400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 19 நோயாளிகள் மரணித்தனர், பெரும்பாலானோர் முதியவர்கள். அரச வைத்தியசாலை என்பதால் அதன் சமையலறை மீது உணவுச் சட்டப்படி வழக்குத் தொடர முடியவில்லை. 1986இல்தான் அந்த விலக்கு நீக்கப்பட்டது.

நமது நாட்டில் சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், கெட்டுப்போன உணவை விற்பதை மட்டுமல்ல, விநியோகிப்பதையும் தடுக்கிறது. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்வதற்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் பதிவு வேறு, சமையலறைக்குள் போய்ப் பார்ப்பது வேறு. ஆசிரியராக இருப்பதால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு வரும் நாளில் அங்குள்ளவர்கள் எவ்வளவு கவனமாகிறார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன். கைதடி அரச இல்லமானாலும், மத நிறுவனங்களோ தனியாரோ நடத்தும் இல்லமானாலும், அந்த வருகை முறையாக நடக்க வேண்டும்.

யாழ் குடாநாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் பெரிதும் நம்பியிருப்பது கிணற்று நீரை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியின் கழிவு கிணற்றுக்குள் எளிதில் கசியும். நெருப்புக் காய்ச்சல் இங்கு பழகிப்போன நோயாக இருப்பது தற்செயல் அல்ல. அக்கிருமியைச் சுமப்பவர் வெளியில் சுகதேகியாகவே தெரிவார். எனவே சமைப்பவருக்கு மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும், கிணற்றுக்குக் குளோரினும் நீர்ப் பரிசோதனையும் அவசியம்.

அடுத்தது நம்மைப் பற்றியது. வலீமாவில் மிஞ்சிய புரியாணியை மாலையில் இல்லங்களுக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. எண்ணம் நல்லது. ஆனால் சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறிய சோற்றில் உருவாகும் ஒருவகை நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. நாம் சாப்பிடத் தயங்கும் உணவை எழுபது வயதுக்காரருக்குக் கொடுப்பது ஸதகா ஆகுமா?

கொடுக்க விரும்புவோர் அரிசி, பருப்பு, மரக்கறி வாங்கிக் கொடுக்கலாம். அல்லது அங்கேயே சமைப்பதற்குப் பணம் கொடுக்கலாம். சமைத்துத்தான் கொடுப்பதென்றால், இல்லத்தவர்களுக்கென்றே சமைத்து, சூடு ஆறுமுன் சேர்ப்பியுங்கள். சமைத்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். பணம் கொடுக்கும்போது, "பரிசோதகர் கடைசியாக எப்போது வந்தார்?" என்றும் கேளுங்கள். உதவி செய்பவர் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லும். உள்ளே இருப்பவரால் அதைக் கேட்க முடியாது.