அங்கீகாரம் இருக்கிறது, பதிவேடு எங்கே?

புது தில்லி: முதுகுவலியுடன் வரும் ஒருவருக்கு ஓர் அறையில் மெல்லிய ஊசிகள் செருகப்படுகின்றன. அதே வலிக்கு அடுத்த அறையில் மூட்டுகளையும் தசைகளையும் கைகளால் நீவியும் அழுத்தியும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. முதலாவது அக்குபஞ்சர், இரண்டாவது ஆஸ்டியோபதி. தலைநகர் உள்ளிட்ட பெருநகரங்களில் இயங்கும் மாற்று சிகிச்சை மையங்களில் இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. ஆனால், சட்டத்தின் பார்வையில் இவ்விரு அறைகளும் ஒன்றல்ல. அக்குபஞ்சருக்கு மத்திய அரசின் அங்கீகாரம் உண்டு. ஆஸ்டியோபதிக்கு இந்தியாவில் தனிச் சட்டமும் இல்லை, கவுன்சிலும் இல்லை.

நோயாளியைப் பொருத்தவரை இந்த வேறுபாட்டால் பெரிய பயன் ஏதுமில்லை. சிகிச்சை அளிப்பவர் முறையாகப் பயின்றவர்தானா என்று சரிபார்க்க, பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு துறைக்குமே அதிகாரபூர்வப் பதிவேடு கிடையாது என்பதே இதற்குக் காரணம்.

'தகுந்த பயிற்சி' எது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழுவின் பரிந்துரைகளை ஏற்று, மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. ரெய்கி, காந்த சிகிச்சை, எலெக்ட்ரோபதி போன்றவற்றுக்கு அதில் அங்கீகாரம் மறுக்கப்பட்டது. அக்குபஞ்சர் முழுமையான மருத்துவ முறையாக அல்லாமல், ஒரு சிகிச்சை வழிமுறையாக மட்டும் ஏற்கப்பட்டது. பதிவு பெற்ற மருத்துவர்களோ, தகுந்த பயிற்சி பெற்றவர்களோ அதைச் செய்யலாம் என்றது ஆணை.

சிக்கலின் வேர் இங்குதான் உள்ளது. தகுந்த பயிற்சி என்பது எத்தனை ஆண்டு? யார் கற்பிப்பது? யார் தேர்வு வைப்பது? இவற்றுக்கு விடை சொல்லும் அமைப்பு ஏதும் நாடு முழுமைக்குமாக அப்போது உருவாக்கப்படவில்லை. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு படி மேலே சென்று, அக்குபஞ்சரைத் தனித்த சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அந்தஸ்து உயர்ந்ததே தவிர, தேசிய அளவில் சட்டப்பூர்வமான கவுன்சில் அமையவில்லை.

மாநிலங்களில் மேற்கு வங்கம் 1996-இலேயே அக்குபஞ்சருக்குத் தனிச் சட்டம் இயற்றியது. அதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. 1938-இல் சீனாவுக்கு அனுப்பப்பட்ட ஐவர் மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிஸுடன் சென்றவர் வங்க மருத்துவர் பிஜய் குமார் பாசு. 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபஞ்சர் கற்றுத் திரும்பிய அவர், கொல்கத்தாவில் அதைப் பரப்பினார். மகாராஷ்டிரமும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இத்துறைக்குக் கவுன்சில் கண்டது.

பிரிட்டனில் நேர்மாறு

பிரிட்டனில் நிலைமை தலைகீழ். அங்கு ஆஸ்டியோபதிக்கென 1993-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பதிவு பெறாதவர் அப்பெயரைப் பயன்படுத்துவது குற்றம். அக்குபஞ்சருக்கோ அத்தகைய சட்டப்பூர்வப் பதிவேடு இல்லை. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில் பட்டம் பெறுவோர், மற்ற மருத்துவர்களுக்கு இணையாக அறுவைச் சிகிச்சையும் செய்யலாம். ஒரு சிகிச்சை முறைக்குக் கிடைக்கும் அந்தஸ்தை அறிவியல் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தந்த நாட்டில் அத்தொழில் வளர்ந்த வரலாறும் முடிவு செய்கிறது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அறிவியலும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. அக்குபஞ்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதத்தினருக்கும் பலன் கிடைத்தது. ஆனால், உரிய புள்ளிகளைத் தவிர்த்துப் பெயரளவில் ஊசி குத்தப்பட்டவர்களிலும் 44.2 சதவீதத்தினர் பலன் பெற்றனர். ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தத்தம் வாதத்துக்கு இதே ஆய்வை மேற்கோள் காட்ட முடிகிறது.

சட்டத்தின் இடைவெளி

துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியபோது இந்தக் குறை தீரும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. பத்துப் பிரிவுகளில் ஏராளமான தொழில்களைப் பட்டியலிட்ட அச்சட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் இடம்பெற்றார். ஆஸ்டியோபதி என்ற பெயரில் தனித் தொழில் இடம்பெறவில்லை. பட்டியலில் உள்ள தொழில்களுக்கே மாநில கவுன்சில்கள் அமைவதில் தாமதம் ஏற்பட, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதிக்க நேர்ந்தது.

அரசியல் சாசனப்படி மருத்துவமனைகளும் பொது சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மருத்துவத் தொழில் பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே, மத்திய அரசு முறைப்படுத்தட்டும் என மாநிலங்களும், மாநிலங்கள் சட்டம் இயற்றட்டும் என மத்திய அரசும் காத்திருக்க வாய்ப்பு ஏற்பட்டுவிடுகிறது.

இந்த இடைவெளியின் விலை சில நேரங்களில் உயிர். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் சேயும் இறந்த வழக்கில், கணவருடன் அக்குபஞ்சர் சிகிச்சையாளர் ஒருவரும் கைது செய்யப்பட்டார். ஊசி தவறான ஆழத்தில் இறங்கினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகலாம். கழுத்தைத் திடீரெனத் திருப்பினால் அரிதாக ரத்தக் குழாய் கிழியலாம். பயின்றவருக்கு இந்த எல்லை தெரியும். பயிலாதவரை முன்கூட்டியே தடுத்து நிறுத்துவது யார்? காவல் நிலையமும் நுகர்வோர் ஆணையமும் பாதிப்பு நேர்ந்த பிறகே திறக்கும் கதவுகள்.

இரு தரப்பு அச்சம்

பதிவேடு அமைத்தால், முழுமையாக நிரூபிக்கப்படாத முறைக்கு அரசே முத்திரை குத்தியதாகும் என்ற ஆட்சேபம் நவீன மருத்துவர்களிடம் உண்டு. பட்டமின்றி அனுபவத்தால் தொழில் செய்வோருக்கோ, பிழைப்பு பறிபோகும் என்ற அச்சம். இரண்டையும் புறக்கணிக்க முடியாது.

எனினும், பதிவேடு என்பது சிகிச்சையின் பலனுக்கு அரசு தரும் உத்தரவாதம் அல்ல. யார் பயின்றவர், எந்த நோயைத் தொடக் கூடாது, எப்போது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், தவறினால் யாரிடம் முறையிடலாம் என்பதை வரையறுக்கும் ஏற்பாடு அது. முறையாகப் பயின்றவர்களைப் போலிகளிடமிருந்து காப்பதும் அதுவே. 2003-ஆம் ஆண்டு ஆணையில் இடம்பெற்ற 'தகுந்த பயிற்சி' என்ற சொற்களுக்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் பொருளைச் சொல்லும் கடமை, அந்த ஆணையைப் பிறப்பித்த மத்திய அரசுக்கே முதலில் இருக்கிறது.