சத்திரத்தில் சேர்த்தவன் திரும்பி வருவான்



மரணத் தறுவாயிலுள்ள தாயையோ தகப்பனையோ அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் ஒப்படைக்குமுன், நாம் கட்டடத்தையும் கட்டணத்தையும் வாசலிலுள்ள சிலுவையையும் பார்த்துத் திருப்தியடைகிறோம். அது போதாது. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வேதனை சரீரத்தோடு நிற்பதில்லை, மனதையும் உறவுகளையும் ஆவியையும் தொடுகிறது என்று போதித்தார். ஆகவே கேளுங்கள்: நள்ளிரவில் வலி மிகுந்தால் மார்ஃபின் கொடுக்க ஆள் உண்டா? நோயாளியின் பயத்தை அமர்ந்து கேட்பவர் உண்டா? குடும்பத்தார் இரவிலும் அருகே தங்கலாமா? வலியைத் தணிக்க முயலாமல் ஜெபம் மட்டும் செய்யும் இல்லம், பாதி ஊழியமே செய்கிறது.

நல்ல சமாரியன் காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்ததோடு நில்லாமல், திரும்பி வருவதாகவும் வாக்களித்தான். நாமும் சொல்லாமல் ஒருநாள் திரும்பிச் செல்வோம். அந்த இல்லத்தின் தரம் அன்று தெரியும். நம் அன்பின் தரமும் தெரியும்.