அறிவியல் அரங்கம்: இடமறிந்து தொடும் நொதிகள்

அச்சமோ சினமோ நம்மை ஆட்கொள்ளும்பொழுது இரத்தத்தில் அட்ரினலின் மிகுதியாகச் சுரக்கின்றது. உடனே, தசைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் உடைந்து ஆற்றல் பிறக்கின்றது. இவ்விரைவு எவ்வாறு வாய்க்கின்றது? உறங்கிக் கிடக்கும் ஒரு நொதியின்மேல் பாஸ்பேட் ஒட்டப்பட, அது விழித்துக்கொள்கின்றது. இவ்வுண்மையை 1955-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய அறிஞர் இருவர் கண்டறிந்து, 1992-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பாஸ்பேட்டை ஒட்டுபவை புரதக் கைனேஸ்கள் எனப்படும் நொதிகளாம். நம் உடலில் இவை 500-க்கும் மேற்பட்டவை. செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களின்மேலேயே இவை பெரும்பாலும் ஒட்டுகின்றன. ஆயின் உயிரணுவிலோ பல்லாயிரம் புரதங்கள்; ஒவ்வொன்றிலும் செரின்கள் பல. தனக்குரிய இடம் எதுவெனக் கைனேஸ் அறிவது எங்ஙனம்?

அக்கம்பக்கத்தை வைத்தே அது இனங்காண்கின்றது. அட்ரினலினின் ஆணையை நிறைவேற்றும் 'ஏ' வகைக் கைனேஸை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்து இரண்டு அர்ஜினின்கள், அவற்றின்பின் ஏதேனும் ஓர் அமினோ அமிலம், அதன்பின் செரின், அதையடுத்து நீரோடு ஒட்டாத ஓர் அமினோ அமிலம்: இவ்வரிசையையே அது பெரிதும் விரும்புகின்றது. காரணம் யாது? 1991-இல் சூசன் டெய்லர் குழுவினர் இந்நொதியின் வடிவத்தை வெளியிட்டபோது விடை தெளிவாயிற்று. அதன் பிளவினுள் எதிர்மின்னேற்றம் கொண்ட குளுட்டாமிக் அமிலங்கள் உள்ளன. நேர்மின்னேற்றம் கொண்ட அர்ஜினின்களை அவை ஈர்த்துப் பிடிக்கின்றன. செரின் உரிய இடத்தில் வந்து அமர்கின்றது.

இயற்கை இதனையே தடையாகவும் பயன்படுத்துகின்றது. செரினுக்குப் பதிலாக அலனினைக் கொண்ட ஒரு புரதம் அதே பிளவில் பொருந்திக்கொள்கின்றது. பாஸ்பேட்டை ஏற்க அலனினில் இடமில்லை. ஆகவே கைனேஸ் செயலற்று நிற்கின்றது.

எல்லாக் கைனேஸ்களுக்கும் ஒரே அடையாளம் இல்லை. உயிரணுப் பிரிவை நடத்தும் கைனேஸ்கள் செரினையோ திரியோனினையோ அடுத்துப் புரோலினைத் தேடுகின்றன. வரிசை பொருந்தினும், அவ்விடம் புரதத்தின் உள்ளே மறைந்திருப்பின் பயனில்லை.

இவ்வொழுங்கு குலையின் நோய் விளையும். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், இரு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் ஒரு கைனேஸ் ஓய்வின்றி இயங்குகின்றது. அது பாஸ்பேட்டுக்காக ஏ.டி.பி.யை ஏற்கும் குழியை அடைத்துவிடும் இமாட்டினிப் என்னும் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. விரைவில் உயிர் பறித்துவந்த இந்நோயோடு இன்று பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர். மாத்திரை நீங்கின் அடைபட்ட குழி மீண்டும் திறந்துகொள்ளும். ஆதலால் இம்மருந்தை உண்போர், உடல் தேறியதெனக் கருதி மருத்துவரைக் கேளாது அதனை நிறுத்தலாகாது என்பதை நம் குடும்பங்கள் நினைவிற்கொள்வோமாக.