முகமண்டபமும் திறந்த வாயிலும்

கலாசாலைக் கட்டடங்களைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்பர். கட்டடம் காண்பார் நெஞ்சை உயர்த்துவதாய் இருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். வகுப்பறையும் நூலகமும் நிறைந்தாலன்றி முகப்புக்கு ஒரு காசும் செலவிடலாகாது என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கில் நாம் எப்பக்கம் சாய்வது? லண்டன் மாநகரிலுள்ள யூனிவர்ஸிடி காலேஜ் எழுந்த வரலாறு இதற்குத் தக்க விடை பகருமென எண்ணுகிறோம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருந்த சர்வகலாசாலைகள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டே. ஆக்ஸ்போர்டில் சேரும்போதே மாணாக்கன் ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளுக்குக் கையொப்பமிட வேண்டும். கேம்பிரிட்ஜில் பட்டம் பெறுமுன் தான் அச்சபையைச் சேர்ந்தவனென உறுதி கூற வேண்டும். ஆகவே, அச்சபையைச் சாராத பிற கிறிஸ்தவர்களுக்கும், கத்தோலிக்கருக்கும், யூதருக்கும் பட்டம் எட்டாக் கனியாயிற்று. இக்குறையை நீக்கவே 1826-இல் லண்டனில் ஒரு புதிய கலாசாலை நிறுவப்பெற்றது. பழைய கலாசாலைகளுக்கு வாய்த்த மானியங்கள் இதற்கு இல்லை. நிறுவினோர் வாணிகச் சங்கத்தார் போல 100 பவுன் வீதம் பங்குகள் விற்றே பொருள் திரட்டினர்.

1827 ஏப்ரல் 30-ஆம் நாள் சஸ்ஸெக்ஸ் கோமகன் கௌவர் வீதியில் அடிக்கல் நாட்டினார். 1828-இல் வகுப்புகள் தொடங்கின. கட்டடத்தை வகுத்தவர், கேம்பிரிட்ஜில் டௌனிங் காலேஜை அமைத்த வில்லியம் வில்கின்ஸ் என்னும் சிற்பி. பழைய கிரேக்க ஆலயத்தைப் போன்று, உயர்ந்த படிவரிசையின்மேல் பத்துக் கொரிந்தியத் தூண்கள் தாங்கும் முகமண்டபமும், அதன் பின்னே குவிமாடமும் அவர் கருத்தில் உருக்கொண்டன. முற்றத்தின் இருபுறமும் சிறகுகள் போல இரு கட்டடங்கள் நீளவேண்டுமென்பதும் அவர் திட்டமே. ஆனால் பொருள் போதவில்லை. நடுப்பகுதி மட்டும் எழுந்தது. சிறகுகள் ஏட்டளவில் நின்றன.

"சிறகுகளுக்குப் பணமில்லாதபோது பத்துத் தூண்கள் எதற்கு?" என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆயினும் அத்தூண்கள் வீண் ஆடம்பரமல்ல என்பதே நம் கொள்கை. பிற வாயில்களில் தடுக்கப்பட்டோருக்கென எழுந்த வீடு அது. அவர்களை ஏதோ ஒரு வாடகை மாடியில் அமர்த்திப் பாடம் சொல்லியிருக்கலாம், கல்வியும் கிடைத்திருக்கும். ஆனால் மதிப்பு கிடைத்திராது. நீங்களும் தலைவாயில் வழியே வருதற்குரியவர்கள் என்பதை அம்முகமண்டபம் வாய் திறவாமலே கூறிற்று.

இனி, அங்கே ஜெபாலயம் கட்டப்படவில்லை. சமய சாஸ்திரமும் கற்பிக்கப்படவில்லை. இதனால் அக்கலாசாலையைத் தெய்வமற்றதென்று ஏசினோர் பலர். அதற்கு மாறாக, ஆங்கிலத் திருச்சபையின் சார்பில் கிங்ஸ் காலேஜ் 1829-இல் நிறுவப்பெற்று 1831-இல் திறக்கப்பட்டது. மிஷன் கலாசாலையில் பயின்ற நமக்கு ஜெபாலய மணியோசையின் அருமை தெரியும். அஃதில்லாக் கலாசாலை நமக்கு ஒரு குறையாகவே தோன்றும். எனினும் நடுநிலையோடு நோக்குவோமாக. பல சமயத்தாரையும் ஒருங்கே அழைத்த வீட்டில், எச்சபையின் ஆலயத்தை எழுப்புவது? கட்டப்படாத அவ்வாலயம் இறைவனைப் புறக்கணித்ததன்று; அயலானைப் புறக்கணியாமைக்கு அடையாளமேயாகும்.

ஆனால் கல்லெழுப்பிய அளவில் கடமை தீர்ந்ததாகாது. 1834-இல் எதிர்ப்புறத்தில் நோயாளர்க்கும் மருத்துவ மாணாக்கர்க்குமாக ஆஸ்பத்திரி ஒன்று எழுந்தது. 1836-இல் லண்டன் சர்வகலாசாலை அரச சாசனம் பெற்ற பின்னரே இங்குப் பயின்றோர்க்குப் பட்டம் கிட்டிற்று. பெண்கள் ஆடவரோடு ஒப்பப் பயின்று பட்டம் பெறும் உரிமை 1878-இல்தான் வந்தது. அப்போதும் மருத்துவக் கல்வி அவர்களுக்கு விலக்கப்பட்டேயிருந்தது. எல்லோரையும் அழைப்பது போல் நின்ற அம்மண்டபம் ஐம்பது ஆண்டுகள் பாதி உலகத்தை வெளியே நிறுத்தியிருந்ததன்றோ?

சிறகுகளும் மெல்லவே வளர்ந்தன. ஒவ்வொரு தலைமுறையும் தன்னால் இயன்றதைச் சேர்த்தது. 1940-இல் விழுந்த குண்டுகளால் கட்டடம் பெருஞ்சேதமுற்றது. நூலகம் ஏறக்குறைய 100,000 நூல்களை இழந்தது. போருக்குப்பின் குவிமாடம் மீண்டும் உருப்பெற்றது. முற்றத்தின் கட்டடவரிசை முழுமை பெற்றது 1985-இல். அடிக்கல் நாட்டியது முதல் 158 ஆண்டுகள்!

ஆதலின் இரு கட்சியாரையும் நோக்கி நாம் கூறுவது ஒன்றுண்டு. அழகிய முகப்பு என்பது முன்னோர் எழுதிவைத்த கடன்பத்திரம். அதில் கண்ட தொகையைச் செலுத்த வேண்டியவர் பின்வருவோர். கட்டடம் முற்றுப்பெறாமல் நிற்பது இழிவன்று; வாயிலைப் பெரிதாய் எழுப்பிவிட்டுக் கதவைச் சிறிதாய்த் திறப்பதே இழிவு. புதிய மன்றத்துக்கு நன்கொடை திரட்டுவோர் எத்தனை தூண்கள் என்று கணக்கிடுமுன், இதுவரை நம் படியேறாதவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வாராக. அவ்வினாவுக்கு விடை கண்டபின் எழுப்பும் தூண் எத்துணை உயரமாயினும் தகும்.